தாக்ஷாயணியின் இடது தாடை

ஊர் உலகத்தில் முதலில் நோயாளி வருவார், அப்புறம் நோய்க்குப் பெயர் கிடைக்கும், அதற்கும் அப்புறம்தான் கத்தி. எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் ஃப்ளெக்ஸ் வரும்.

அந்த ஆண்டுப் பயிலரங்குக்காகக் கட்டிய ஃப்ளெக்ஸ், வாசலில் நிற்கும் இரண்டு வேப்பமரங்களையும் சேர்த்துக் கைது செய்தது போல நீண்டு கிடந்தது. நடுவில் டாக்டர் உமாபதி ஹொசமனி கைகளைக் கட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையை மன்னித்துவிட்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அறுவைத் துறையின் தலைவர் அவர். துணை முதல்வரும் அவரே. அவர் தோளுக்குப் பக்கத்தில், அவர் பெயரை விடக் கொஞ்சமே சிறிய எழுத்தில், நோயின் பெயர் இருந்தது: அமெலோபிளாஸ்டோமா.

தாடையெலும்புக்குள் சத்தமில்லாமல் வளர்ந்து, எலும்பைத் தின்று, பல் வேர்களையும் அரித்து, முகத்தை ஒரு பக்கம் உப்பவைக்கிற கட்டி அது. புற்றுநோய் இல்லை. ஆனால் சுரண்டி எடுத்தால் திரும்பி வரும். அதனால் தாடையின் அந்தப் பகுதியையே அறுத்தெடுத்துவிட்டு டைட்டானியம் தகடு வைப்பார்கள். அந்த அறுவையை மாடியில் செய்து, கீழே அரங்கத்தின் பெரிய திரையில் நேரலையாகக் காட்டுவதுதான் பயிலரங்கு.

கட்டிக்கு உரியவரும் ஒருவர் இருந்தார். ப்யாடகியில் மிளகாய் வியாபாரம் செய்பவர். எக்ஸ்ரே படத்தை எடுத்ததே நான்தான். தேன்கூடு மாதிரி அறையறையாக, சந்தேகத்துக்கே இடமில்லாத கட்டி. ஆனால் அவருடைய மைத்துனன் பேச்சைக் கேட்டு மகாராஷ்டிரத்து மிராஜுக்குப் போய், அங்கேயே அறுவையை முடித்துக்கொண்டு, ஊருக்கு வந்து மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். உமாபதி சாரால் அதைத் தாங்க முடியவில்லை. நாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கட்டியைக் கொண்டுபோய் அடுத்த மாநிலத்துக்காரனிடம் கொடுத்துவிட்டானே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

மற்றதெல்லாம் தயார். பல் மருத்துவக் கவுன்சிலில் தலைப்பைப் பதிந்து, வருகிறவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கத் தேவையான புள்ளிகளுக்கு அனுமதி வாங்கியாகிவிட்டது. தலைப்பை மாற்றினால் புள்ளி போய்விடும். புள்ளி போனால் பிரதிநிதிகள் யாரும் வரமாட்டார்கள். தகடு விற்கும் கம்பெனி மதியச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டது. தலைமை விருந்தினர் பெங்களூரிலிருந்து வரச் சம்மதித்துவிட்டார். ஒரு தாடை மட்டும்தான் குறைந்தது.

அந்த வாரம்தான் தாக்ஷாயணி பல்லுக்குக் கம்பி போட வந்தாள்.

பதினேழு வயதுப் பெண். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடை வைத்து, ஜோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் போட்டு ஊரில் பாதி ஆண்களுக்கு மத்தியானம் சோறூட்டும் குருசித்தவ்வாவின் ஒரே மகள். மாவட்ட கோ-கோ அணியில் ஓடுகிறவள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் காலைத் தூக்கிப் போட்டிருந்தது. அதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பி போடுவதற்கு முன் தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. நான் வாய்நோய் மற்றும் கதிர்ப்படத் துறையில் இருக்கிறேன். எல்லாரும் சுமங்கலா மேடம் என்பார்கள், அவசரமானால் எக்ஸ்ரே மேடம்.

இடது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு கறுத்த இடம். ஓரம் தெளிவாக, மெல்லிய வெள்ளைக் கோடாக இருந்தது. அதன் மேல் விளிம்பு ஒவ்வொரு வேருக்கும் நடுவில் ஏறி இறங்கி, மாவிலைத் தோரணம் போல வளைந்து வளைந்து போனது. வேர்கள் அசையவில்லை, கரையவில்லை. அவற்றைச் சுற்றியுள்ள உறைக்கோடு கூட அழியவில்லை. தாடையின் வெளிவடிவம் கொஞ்சமும் உப்பவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. வலி உண்டா என்றேன், இல்லை என்றாள். மரத்துப்போகிறதா, இல்லை. அந்தப் பக்கத்துப் பற்கள் ஒவ்வொன்றிலும் ஐஸைத் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் துள்ளினாள். எல்லாப் பல்லும் உயிரோடு இருந்தது.

இறுதியாண்டு மாணவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். எளிய எலும்புப் பை என்று பாடப்புத்தகத்தில் பெயர். பெயரில்தான் பை. பை என்றால் உள்ளே ஒரு தோலுறை வேண்டும், நீரோ கூழோ வேண்டும். இதில் ஒன்றும் கிடையாது. எலும்புக்குள் ஒரு வெறும் பொந்து, அவ்வளவே. வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு வரும். ஏன் வருகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் எலும்பில் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து, உள்சுவரை லேசாகச் சுரண்டி, ரத்தம் ஊற விட்டு மூடிவிட்டால் போதும். எலும்பு தன் வீட்டைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இதை அப்படியே எழுதி அறுவைத் துறைக்கு அனுப்பினேன். மறுநாளே உமாபதி சார் கூப்பிட்டனுப்பினார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இவ்வளவு அழகான படத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். நானும் புத்திகெட்டுச் சந்தோஷப்பட்டேன்.

"எப்படி அறையறையா இருக்கு பாருங்க மேடம். ப்யாடகிக்காரன் கூட இவ்ளோ நல்லா குடுக்கல."

"அது அறை இல்ல சார். மேல் விளிம்பு வேருக்கு நடுவுல ஏறி இறங்குது. உள்ள தடுப்புச் சுவரே கிடையாது. தாடை உப்பவும் இல்ல."

"நீங்க விளிம்பப் பாக்கறீங்க. நான் முழுசாப் பாக்கறேன். அதான் வித்தியாசம்."

அந்த வித்தியாசத்தின் பொருள், ஒரு பெண்ணின் இடது தாடை எலும்பு என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

துறைகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் எங்கள் கல்லூரியில் கூட்டுக் கலந்தாய்வு நடத்துவார்கள். எல்லாத் துறைத் தலைவர்களும் கருத்தரங்கு அறையில் கூடி, தேநீரும் மிர்ச்சி பஜ்ஜியும் முடிந்தபின், கை தூக்கி முடிவு செய்வார்கள். நோய் என்ன என்பதையும் கை தூக்கித்தான். முதல்வருக்கு ஜனநாயகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

படத்தைத் திரையில் போட்டு நான் பேசினேன். விளிம்பு, வேர், ஐஸ் எல்லாவற்றையும் சொன்னேன். வேர் சிகிச்சைத் துறைக்காரர், இது பல் வேரிலிருந்து வந்த பை, ஐந்து பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிடலாம் என்றார். அந்த ஐந்து பல்லும் உயிரோடு இருக்கிறதே என்று கேட்டேன். அவருடைய மாணவர்களுக்குத் தேர்வுக்கு முன் காட்ட வேண்டிய வேர்கள் குறைவாக இருக்கின்றன என்பதை அவர் மறைக்கவில்லை. செயற்கைப் பல் துறைத் தலைவி தாடை நீக்கத்தை முழுமனதோடு ஆதரித்தார். எலும்பு போனால் பல்லும் போகும், பல் போனால் அவர் துறைக்கு வேலை வரும். சமூகப் பல் மருத்துவத்துக்காரர், அந்தப் பெண் தினமும் இருமுறை பல் துலக்குகிறாளா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு நடுநிலை வகித்தார்.

நோய்க்கூறு துறையின் டாக்டர் ரேணுகாராத்யா மட்டும், திசுவைக் கொடுத்தால் பார்த்துச் சொல்கிறேன், பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார். எழுந்து அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. அதற்குள் உமாபதி சார், துறை அருங்காட்சியகத்துக்கு முழுத் துண்டாகவே தருகிறேன், கண்ணாடி ஜாடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரேணுகாராத்யாவின் அருங்காட்சியகத்தில் நல்ல தாடை இல்லாதது அவருக்கு நெடுநாள் மனக்குறை. அவரும் கையைத் தூக்கிவிட்டார்.

குறைந்தது ஊசி போட்டாவது பார்க்கலாமே என்று கேட்டேன். கட்டியைக் குத்தினால் பரவும் என்று உமாபதி சார் அமைதியாகச் சொன்னார். பரவாது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ரேணுகாராத்யா பஜ்ஜிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எதிர்ப்பில் ஒரு கை, அது என்னுடையது. பெரும்பான்மை பலத்தால் பொந்து கட்டி ஆகிவிட்டது.

முதல்வரின் அறைக்குத் தனியாகப் போனேன். அவர் நான் சொன்னதை மறுக்கவே இல்லை. குத்துவிளக்கு வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது, மைசூர் பேட்டாத் தலைப்பாகைக்குத் தலைமை விருந்தினரின் தலை அளவு வாங்கியாகிவிட்டது, இந்த நேரத்தில் இப்படிச் சொன்னால் எப்படி மேடம் என்று மட்டும் கேட்டார். அவர் கேட்ட விதத்தில், தவறு என் பக்கம்தான் என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

துறைத் தலைவரை மீறி நோயாளியின் வீட்டாரிடம் பேசுவதை எங்கள் கல்லூரி மன்னிக்காது. ஆனால் கானாவளியில் சாப்பிடுவதை யாரும் தடுக்க முடியாதே. மத்தியானம் போய் உட்கார்ந்தேன். குருசித்தவ்வா அடுப்புக்கு முன்னால் ரொட்டியைத் தட்டிக்கொண்டே, ஒரு கண்ணால் யார் எத்தனை ரொட்டி வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே உமாபதி சார் அங்கே வந்து போயிருந்தார். தனியாக இல்லை, தகடு கம்பெனிக்காரரோடு. நீலப் பட்டு விரித்த பெட்டியில் தகட்டைக் காட்டியிருக்கிறார்கள். அவள் கை கழுவிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"வெள்ளி கெட்டுது மேடம்ரீ, அப்படி ஒரு பளபளப்பு. எல்லாம் இலவசம்னாரு. அவ்ளோ பெரிய மனுஷன், என் கடையில தரையில உக்காந்து ரொட்டி சாப்டுட்டுப் போனாரு."

எலும்பை எடுக்கத் தேவையில்லாமல் போகலாம், முதலில் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். உமாபதி சாரிடம் முன்பே கேட்டாளாம். குத்தினால் பரவும் என்று சொல்லிவிட்டாராம். பரவாது என்று நான் சொன்னேன். அவள் ரொட்டியைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்க படம் எடுக்கறவங்க. கோவிச்சுக்காதீங்க. கல்யாணத்துல போட்டோ எடுக்கறவன் தாலி கட்ற நேரத்த மாத்தச் சொல்லுவானா?"

பக்கத்துப் பந்தியில் இருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நான் சட்னியைத் தொட்டுக்கொண்டேன். தாக்ஷாயணி மோர்ச் சொம்போடு வந்து என் பக்கத்தில் குனிந்தாள். அம்மாவுக்குக் கேட்காத குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மேடம், இந்தப் பக்கத் தாடைய எடுத்துட்டா, கம்பிய எதுல மாட்டுவாங்க?"

அவளிடம் யாரும் எதையும் விளக்கியிருக்கவில்லை. பதினேழு வயது, சம்மதக் கையெழுத்து அம்மாவுடையது. கோ-கோவுக்கு எத்தனை நாளில் போகலாம் என்று அறுவைத் துறையில் கேட்டதற்கு, முதலில் கூழ் குடிக்கப் பழகு என்று ஒரு முதுநிலை மாணவி சொல்லியிருக்கிறாள். எனக்கு வலிக்கவே இல்லையே என்று தாக்ஷாயணி சொன்னபோது, வலித்தால்தான் நோயா, உங்கப்பனுக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் வலிக்கவில்லை என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. நான் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பயிலரங்குக்கு முந்தைய வாரம் உமாபதி சார் என் அறைக்கே வந்தார். அவருக்கு எதிராக நான் கை தூக்கியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம். அதற்கு அடையாளமாக, அரங்கத்து மைக்கை என்னிடம் ஒப்படைக்கப் போகிறாராம். மாடியில் அவர் அறுப்பார். கீழே நான் பிரதிநிதிகளுக்கு விளக்கிச் சொல்வேன். அவர்கள் கேட்கும் கேள்விகளை மைக்கில் மேலே அனுப்புவேன். என்ன பேச வேண்டும் என்பதை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் "கைதட்டலுக்கு இடம் விடவும்" என்று இருந்தது. பெருந்தன்மைக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பயிலரங்கு அன்று கர்நாடகத்தின் மாநிலப் பாட்டான நாடகீதம் பாடினார்கள், விளக்கேற்றினார்கள். தலைமை விருந்தினருக்கு மைசூர் பேட்டா வைத்து, சந்தன மாலை போட்டு, பழக்கூடையைக் கையில் கொடுத்து, அதை அவர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதைப் புகைப்படம் எடுத்தார்கள். கவுன்சில் உறுப்பினர் அவர். ஒரு வாயைத் திறந்து பார்த்து எத்தனை காலமாயிற்றோ, தன் வாயை மூட அவருக்கு மனமே வரவில்லை. மாடியில் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது என்று இரண்டு முறை சீட்டு வந்தது. அவர் தாம் படித்த காலத்து விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் திரை உயிர் பெற்றது. பச்சைத் துணிகளுக்கு நடுவில் ஒரு வாய். யாருடையது என்று சொல்ல முடியாத வாய். உமாபதி சாரின் கையுறைகள் ஈறைக் கீறி ஒதுக்கின. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. உப்பலும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை. அரங்கத்தில் பெல்காமிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் கோவாவிலிருந்தும் வந்தவர்கள் புள்ளி கிடைக்கும் நிம்மதியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் எலும்பின் மேல் பென்சிலால் இரண்டு கோடு கிழித்தார். ஒன்று முன்கடைவாய்ப் பல்லுக்கு முன்னால். இன்னொன்று கடைசிப் பல்லுக்குப் பின்னால். இடையில் இருப்பது போக வேண்டியது. பக்கத்துத் தட்டில் தகடு பளபளத்தது. ரம்பத்தை ஓட்டிப் பார்க்கும் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

என் கையிலிருந்த தாளில் இந்த இடத்தில், "இப்போது சார் தமக்கே உரிய துணிச்சலோடு" என்று இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. அவரிடம் தவறு என்று சொல்லிப் பயனில்லை, அதைப் பஜ்ஜிக் கூட்டத்திலேயே பார்த்தாகிவிட்டது. காட்டுங்கள் என்று சொன்னால் மட்டும் அவரால் மறுக்க முடியாது.

"சார், ஒரு நிமிஷம். அரங்கத்துலேர்ந்து ஒரு கேள்வி. கோலாப்பூர் டாக்டர் ஜாதவ் கேக்கறாரு. இவ்ளோ பெரிய கட்டிலேர்ந்து ஊசியில என்ன வருதுன்னு உங்க கையாலயே உறிஞ்சிக் காட்டினா, எல்லாருக்கும் பாடமா இருக்கும்னு."

யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. கோலாப்பூரிலிருந்து வந்திருந்தால் அதில் ஒரு ஜாதவாவது இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் சொன்னேன். மூன்றாவது வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, தான் எப்போது கேட்டோம் என்று யோசித்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையசைத்தார்.

மேலேயிருந்து உமாபதி சாரின் குரல் கனிந்து வந்தது. எப்படியும் எடுத்துவிடப் போகிற எலும்புதான், அதனால் குத்துவதில் பயமில்லை, டாக்டர் ஜாதவின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன் என்றார். தடித்த ஊசியைப் பெரிய சிரிஞ்சில் மாட்டி, எலும்புச் சுவர் மெலிந்த இடத்தில் அழுத்திச் செலுத்தினார். பிஸ்டனை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு கடைசி வரை வந்தது. சிரிஞ்சுக்குள் ஒரு குமிழியும், மூக்குத்திக் கல் அளவுக்கு ரத்தமும். வேறொன்றும் இல்லை.

அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முந்நூறு பேரும் தேர்வுக்குப் படித்தவர்கள்தானே.

"கட்டி கெட்டியா இருந்தா சில சமயம் ஒண்ணும் வராது," என்றார் உமாபதி சார். அது உண்மைதான். அதுதான் கஷ்டம். அவர் ரம்பத்துக்காகக் கையை நீட்டினார்.

மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது, என் மூச்சுச் சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது.

"டாக்டர் ஜாதவ் இன்னொண்ணு கேக்கறாரு சார். கெட்டியா இருந்தா பிஸ்டன் இவ்ளோ சுலபமா வராதே, விட்டா திரும்ப உள்ள ஓடுமேன்னு."

திரையில் எல்லாரும் பார்க்க, பிஸ்டன் இழுத்த இடத்திலேயே சுகமாக நின்றுகொண்டிருந்தது. அதற்குள் டாக்டர் ஜாதவுக்கு அவருடைய கேள்விகள் பிடித்துப்போய்விட்டன. எழுந்து நடுவில் நிறுத்தியிருந்த மைக்குக்கே போய், இந்த முறை நிஜமாகவே தன் வாயால், மராத்தி கலந்த ஆங்கிலத்தில் கேட்டார். அப்படியானால் எலும்பை எடுப்பதற்கு முன் சின்னதாக ஜன்னல் ஒன்று திறந்து காட்டலாமே சார், வெளிச்சம் விட்டுப் பார்த்துவிடலாமே. அவர் பின்னால் பெல்காம்காரர்கள் தலையசைத்தார்கள். கோவாவிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து நின்று செல்போனில் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

மேலே ரம்பம் செவிலியின் கையில் இருந்தது. உமாபதி சாரின் கை அதைத் தொட்டபடி நின்றது. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. செல்போன்கள் இருக்கின்றன என்பதைத்தான் நினைத்திருப்பார் என்று நம்புகிறேன், ஏனென்றால் மற்ற எதையும் நினைக்க அவருக்குப் பல வாரங்கள் இருந்தன. கை விலகியது. ரம்பத்துக்குப் பதில் சிறிய துளைகருவியைக் கேட்டார்.

எலும்பில் விரல்நக அளவுக்கு ஒரு சில்லு கழன்று வந்தது. விளக்கைத் திருப்பினார்கள். திரை முழுக்க ஒரு குகை. வழுவழுப்பான வெள்ளைச் சுவர்கள், ஒரு துளி அழுக்கில்லை, ஒரு துணுக்குச் சதையில்லை. குடியிருப்பவர் இல்லாத வீடு. குறுக்கே தாடை நரம்பு மட்டும், துணி காயப்போடாத கொடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ரம்பம் முதலில் அறுத்திருக்க வேண்டியது அதைத்தான். அது போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் கீழுதட்டில் பாதி மரக்கட்டை.

பின்வரிசையில் ஒரு மாணவன் பொந்தின் சரியான பெயரை மெதுவாகச் சொன்னான்.

உமாபதி சார் தொண்டையைச் செருமினார். இதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது: அவரைப் போல ஒரு மனிதர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் பிறப்பார்.

"நண்பர்களே," என்றார், "இதைத்தான் உங்களுக்குக் காட்டணும்னு நினைச்சேன். எல்லாக் கறுப்பும் கட்டி இல்ல. வெட்டறதுக்கு முன்னாடி பாக்கணும். இந்தப் பாடத்த மறக்காதீங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. எனக்குத் தந்த தாளில் கூட இவ்வளவு பெரிய இடம் விட்டிருக்கவில்லை. தலைமை விருந்தினர் விழித்துக்கொண்டு, கூட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணி எழுந்து கும்பிட்டார். மேலே சுவரை லேசாகச் சுரண்டி, ரத்தம் ஊறுவதைப் பார்த்து, ஈறை இழுத்துத் தைத்தார்கள். ரேணுகாராத்யா திரையோரத்தில் தெரிந்த தன் காலி ஜாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் மாணவனிடம் அதை மாடியிலேயே விட்டுவரச் சொன்னார். பிரதிநிதிகளுக்குச் சான்றிதழில் அமெலோபிளாஸ்டோமா என்றே இருந்தது, புள்ளிகளுக்கும் குறைவில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் உமாபதி சார் என்னிடம் வந்து, அந்த ஜாதவ் ரொம்பக் கூர்மையான ஆள், அடுத்த வருடம் பேச்சாளராகக் கூப்பிட்டுவிடலாம் என்றார். பிறகு இந்த நோயாளியைப் பற்றி இதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். முதல் பெயர் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

வார்டுக்குப் போனேன். தாக்ஷாயணி மயக்கம் தெளிந்து, கன்னம் வீங்கி, தாடையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இருந்தன. அவள் கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் அது பாட்டுக்கு வழிந்தது, அவள் துடைக்கவும் இல்லை. குருசித்தவ்வா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்தத எங்க வச்சிருக்காங்க மேடம்ரீ? ஒருக்கா பாக்கணும்."

"ஒண்ணும் எடுக்கலம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் பொந்து. தானா மூடிக்கும். தாடை அப்படியே இருக்கு."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

"ஒண்ணும் இல்லாததுக்கா கடைய மூடிட்டு வந்து உக்காந்திருக்கேன்? ஊரெல்லாம் சொல்லிட்டேனே. சரி, அந்தத் தகடு?"

"தேவைப்படல."

"தேவைப்படலைனா அது எங்க போச்சு? எம் பொண்ணுக்குன்னு காட்டினது. வேற யாருக்காவது வச்சுட்டீங்களா?"

பொந்தைத் திறந்து பார்ப்பதே அதற்கு வைத்தியம் என்று விளக்க முயன்றேன். ஒன்றுமில்லாததைத் திறந்து பார்த்து மூடுவதற்கா இத்தனை டாக்டர்கள் என்று கேட்டாள். தாக்ஷாயணி தையல் போட்ட வாயோடு, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, போதும் என்று சைகை காட்டினாள்.

அடுத்தடுத்த படங்களில் கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகி, எலும்பு ஒழுங்காக நிறைந்து வந்தது. பல்லுக்குக் கம்பியும் போட்டாயிற்று. மாவட்டப் போட்டியில் அவள் ஓடியதாகச் செய்தித்தாளில் பெயர் வந்தது. சரி, ஒரு தாடையாவது தப்பியது என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் கானாவளிக்குப் போனேன்.

பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லாரும் தாக்ஷாயணி பரிமாறுவதை ஒருமாதிரி பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பிலிருந்து குருசித்தவ்வா ஒரு புது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதித் தாடையைக் கழற்றி வெளியே எடுத்து, கழுவி, சுத்தம் பண்ணி, வெளியே ஒரு தழும்பு கூடத் தெரியாமல் அப்படியே திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்று. பெங்களூரிலிருந்து மந்திரி மாதிரிப் பெரிய மனிதர்கள் வந்து பார்த்தார்களாம். கடையை மூடிப் போட்டதற்கு ஊரிடம் சொல்ல அவளுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது போலும். தாக்ஷாயணி என்னைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்னிக் கிண்ணத்தில் அளவுக்கு மீறிக் கவனமானாள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவிக்கு ரொம்ப நாளாகக் கடைவாய் வலியாம். தாடையைக் கழற்றிக் கழுவுகிற அந்த டாக்டரைத் தேடித்தான் வந்திருக்கிறார். நான் கல்லூரிக்காரி என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, நீங்க பக்கத்திலேயே இருந்தீங்களாமே, நெசமா என்று கேட்டார்.

அடுப்படியில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. குருசித்தவ்வா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் கழட்டல, மாட்டல," என்றேன். "அவ தாடை பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு."

விவசாயி தாக்ஷாயணியின் முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே, கூட இருந்து பார்த்த டாக்டருக்கே தெரியாத அளவுக்கு வேலை செய்திருக்கிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட மனுஷனாக இருக்க வேண்டும் என்றார். உமாபதி சார் எந்த மாடியில் உட்காருவார் என்று கேட்டார்.

உங்கள் மனைவிக்கு முதலில் ஒரு படம் எடுத்துவிடலாம், நேராக என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் சம்மதித்த மாதிரி தெரியவில்லை. நான் இன்னொரு ரொட்டி கேட்டேன்.